கொட்டு நிற்கும்வரை

கதை கட்டுகிறான் என்று நினைத்தால் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். நடந்ததைத்தான் எழுதுகிறேன். என் பெயரை மட்டும் எழுத மாட்டேன். ஏன் என்று கடைசியில் உங்களுக்கே தெரியும்.

வானொலி நிலையத்தில் பதினேழு வருடமாக ஒலிப்பதிவு செய்கிறேன். ஒரு சத்தத்தைக் கேட்டால் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவேன். அதனால் என் காதில் பூ சுற்றுவது கஷ்டம்.

என் தங்கை ஒரு பஸ் விபத்தில் கீறல்கூட இல்லாமல் தப்பித்தாள். பேச்சு மட்டும் நின்றுபோனது. சரியான வாயாடி அவள். எட்டு மாதமாக ஒரு வார்த்தை இல்லை. தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்று மூன்று டாக்டர்கள் சொன்னார்கள். அவள் 'அண்ணா' என்று கூப்பிட்டு ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருந்தது எனக்கு.

அப்போதுதான் அம்மா யாரிடமோ விசாரித்து மேளக்காரம்மாவைப் பிடித்தார். சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு தோல் மேளம். அதைத் தட்டிக்கொண்டே மயக்கத்துக்குப் போய், தொலைந்ததைத் தேடிக் கூட்டி வருவாராம். சுத்த ஏமாற்று வேலை என்றுதான் நினைத்தேன். கையும் களவுமாகப் பிடிக்க, சட்டைப்பையில் ரெக்கார்டரோடு போனேன்.

மாலை நான்கு மணி. மூன்றாவது மாடி. ஒரு ஜன்னல், ஒரு பாய், ஒரு நாற்காலி. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பார்த்தேன். பாயையும் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மேளக்காரம்மா சிரித்தார்.

"நல்லா தேடிட்டீங்களா? ஒண்ணே ஒண்ணுதான். கொட்டு நிக்கிற வரைக்கும் யாரு பேரையும் சொல்லக் கூடாது."

"சொன்னா?"

"இவ குரல் திரும்பி வர கதவைத் திறந்து வைக்கிறேன். அந்தப் பக்கம் இவ மட்டும் இல்ல. பேர் காதுல விழுந்தா, அதைப் பிடிச்சுக்கிட்டு வேற எதாவது முந்திக்கும்."

நல்ல வசனம் என்று நினைத்துக்கொண்டேன்.

4:12. மேளம் ஆரம்பித்தது. ஒரே சீராக... டும்... டும்... தங்கை பாயில் கண்மூடிப் படுத்திருந்தாள். ரெக்கார்டரை ஓடவிட்டு, ஒரு காதில் இயர்போனைச் செருகினேன். ரெக்கார்டரை வாயருகே பிடித்து முணுமுணுத்தேன். என் பெயர், இடம், நேரம். எந்தப் பதிவையும் அப்படித்தான் தொடங்குவோம். பதினேழு வருடப் பழக்கம். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

மேளம் ஒரு அடி தவறியது.

கண்ணைத் திறக்காமலே மேளக்காரம்மா என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

4:20. இயர்போனில் மூச்சுச் சத்தம். எண்ணினேன். அறையில் மூன்று பேர். மூச்சு நான்கு.

4:26. நான்காவது மூச்சு பக்கத்தில் வந்துவிட்டது...

4:29. யாரோ என் பெயரைச் சொன்னார்கள்.

தங்கையின் குரல். அவளைப் பார்த்தேன். உதடு அசையவில்லை.

எட்டு மாதமாகக் காத்திருந்த குரல் அது. என்னை அறியாமல் "ம்?" என்றேன்.

மேளம் நின்றது.

"யாரு பேர் சொன்னது?" மேளக்காரம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"யாரும் சொல்லலையே."

"சொல்லியிருந்தா இப்பவே சொல்லிடுங்க. திருப்பி அனுப்பிடலாம்."

"இல்லைங்க." வெட்கத்தில் சொன்ன பொய்.

மறுநாள் காலை 6:40. தங்கை பேசிவிட்டாள். சமையலறையிலிருந்து என்னைத்தான் கூப்பிட்டாள். அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

"என்னடி, அண்ணனைப் பேர் சொல்லியா கூப்பிடுற?" அழுகைக்கு நடுவே அம்மா சிரித்தார்.

பிறந்ததிலிருந்து அவள் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இப்போது அப்படி மட்டும்தான் அழைக்கிறாள்.

பதினோராம் நாள் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டேன். மேளம். தங்கையின் குரலில் என் பெயர். என் "ம்?"...

அதற்குப் பிறகு, அன்று என் காதில் விழாத ஒன்று. வெகு தூரத்திலிருந்து. மூச்சிரைக்க ஓடி வருகிறவளின் குரல்.

"அண்ணா... அது நான் இல்ல..."

அதோடு மேளம் நின்றுவிடுகிறது.

இதை எழுதும்போதும் அடுத்த அறையிலிருந்து என் பெயர் கேட்கிறது. நான் பதில் சொல்வதில்லை.