சின்னப்பொண்ணு கழற்றிய சட்டை

என் மனைவி சின்னப்பொண்ணுவிடம் வாதாடி ஜெயித்தவர் வல்லம் பக்கத்தில் யாரும் கிடையாது. முப்பது வருஷமாக மல்லாட்டைக் கொல்லைகளில், அதாவது நிலக்கடலை வயல்களில், களை எடுக்கிறாள். பன்னிரண்டு பெண்கள் அவள் பேச்சைக் கேட்டுத்தான் கொல்லையில் இறங்குவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் அவள் இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சதையெடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்றார்கள். சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வாள் என்றார் டாக்டர். அவளும் தலையாட்டினாள். அடுத்து வந்த ரத்தப் பரிசோதனைதான் வினையைக் கிளப்பியது. வெயிலால் உடம்பில் ஊறும் வைட்டமின் டி அவளுக்கு மிகவும் குறைவாம்.

"வெயில்லயே கெடக்கறவளுக்கு வெயில் சத்து கம்மியா? எவளோ ஏசி ரூம்ல ஒக்காந்திருக்கறவ ரத்தத்த எம்பேர்ல எழுதிட்டானுங்க. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். இது தப்புன்னா கட்டி ரிப்போர்ட்டும் தப்புதான். வாய்யா, ஊருக்குப் போவ செஞ்சி பஸ்ஸப் புடிக்கலாம்."

பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவள் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

அவள் பேச்சைக் கேட்டுவிட்ட நர்ஸ் ஜெயஸ்ரீ வாசலில் மறித்தார். "கொல்லைக்கு இன்னா போட்டுக்கினு போவீங்க, அக்கா?"

"எல்லாரும் போடறதுதான். பொடவை மேல இவரு முழுக்கைச் சட்டை, தலைக்குத் துண்டு. இல்லன்னா தோல் உரிஞ்சிடாதா?"

நர்ஸ் அவள் கையைப் பிடித்து அவளுக்கே காட்டினார். மணிக்கட்டுவரை கறுத்திருந்தது. அதற்குமேல் கல்யாணத்தன்று நான் பார்த்த நிறம் அப்படியே இருந்தது.

"வெயில் பட்டதெல்லாம் சட்டைக்குத்தான், அக்கா. இந்தச் சத்து கொறைஞ்சவங்க இந்த நோயிலேர்ந்து தேர்றது கொஞ்சம் கஷ்டமா இருக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. அதுக்காக மாத்திரை போட்டாலே கட்டி கரைஞ்சிடாது. ஆபரேஷன் பண்ணியே ஆவணும். மாத்திரையும் போடுங்க, ஒடம்புல கொஞ்சம் வெயிலும் படட்டும்."

சின்னப்பொண்ணு தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையை என்னிடம் நீட்டினாள். "ரிப்போர்ட்டு என்னுதுதான்யா." அவள் தோற்று நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அந்தத் தோல்வியைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

மார்பை எடுத்தார்கள். புற்றுநோய் மருந்தில் கொட்டின முடி திரும்ப வளர்ந்தது. அடுத்த வருஷமே கொல்லைக்குப் போய்விட்டாள். மாத்திரையை ஒழுங்காகப் போட்டாள். சட்டையை மட்டும் நிழலில்கூடக் கழற்றவில்லை, கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பாள். வெயில் படச் சொன்னார்களே என்றால், "பாக்கறவ இன்னா நெனைப்பா?" என்பாள்.

போன மாசம் நான் கஞ்சி கொண்டுபோனபோது, கூட வேலை செய்யும் அன்புக்கரசி அவளிடம் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கும் கட்டியாம். "டாக்டர்கிட்ட காட்ட மாட்டேங்க்கா. அறுத்துட்டா அப்பறம் அசிங்கமா ஊர்ல எப்பிடி நடமாடறது?"

சின்னப்பொண்ணு எழுந்து வெயிலில் போய் நின்றாள். பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டாள். புடவைக்குள் ஒரு பக்கம் தட்டையாக இருந்தது.

"இதான் அசிங்கமா? நல்லா பாருடி. உசுரோட நிக்கறனா இல்லியா?"

அந்த வெயிலில் நின்ற என் பொண்டாட்டியைப் போல ஓர் அழகியை நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை அன்புக்கரசியின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப்பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். என் சட்டை கொடியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.