இரண்டு முறை அலறிய அலாரம்

என் அறைத்தோழன் சிகரெட்டை விட்டது பொண்டாட்டிக்குப் பயந்துதான். அப்படிச் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். "பயமில்லலே, பிரியம்" என்பான். கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். ஊரில் அவன் மனைவி முழுகாமல் இருந்தாள். சிகரெட் வாயோடு வந்தால் பிள்ளையைக் கையில் தரமாட்டேன் என்று போனிலேயே சொல்லிவிட்டாள்.

ஒரகடத்தில் ஒரு வண்டிக் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் நாங்கள் இருவரும் ட்ரெயினி. வல்லம் வடகாலில் ஒரே அறை. இருவருக்குமே பெர்மனென்ட் ஆக வேண்டிய நேரம்.

சிகரெட்டை விட அவன் பட்டது நாய் படாத பாடு. கிராம்பு, ஏலக்காய், சூயிங்கம் எல்லாம் மென்று பார்த்தான். சில நாள் தாங்கும். பிறகு என் பாக்கெட்டில் கை விடுவான். கடைசியில் பர்மா பஜாரிலிருந்து ஒரு எலக்ட்ரானிக் சிகரெட் வாங்கி வந்தான். பார்க்கத் தடித்த பேனா. செல்போனைப் போல சார்ஜ் போட வேண்டும். இழுத்தால் நுனியில் நீல விளக்கு எரியும், ஏலக்காய் வாசனையோடு வெள்ளையாக வரும். "இது புகையே இல்ல மாப்ள, வெறும் ஆவி. இட்லிக் கொப்பரையில வருமே, அதேதான்" என்று விற்றவனைவிட அதிகமாக விளம்பரம் செய்தான். நான் கிண்டல் செய்தேனே தவிர, மாதக்கணக்கில் அவன் என் பாக்கெட்டைத் தொடாதது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பெயின்ட் ஷாப்புக்குள் தீப்பெட்டி, லைட்டர் எதுவும் போகக் கூடாது. கேட்டிலேயே செக்யூரிட்டியின் தட்டில் போட்டுவிட வேண்டும். அவன் பேனாவை யாரும் கேட்கவில்லை. நெருப்பும் இல்லை, புகையும் இல்லை, பிறகென்ன சட்டம் என்பது அவன் கட்சி.

ஒரு நாள் காலை ஷிஃப்டில், டீ டைம் முடிந்த கையோடு ஃபயர் அலாரம் அலறியது. லைன் நின்றது. எல்லோரும் வெளியே ஓடிவந்து வரிசை கட்டி நின்றோம். எனக்கு முன்னால் அவன். "எவம்லே உள்ள தம் அடிச்சது? தின்னர் இருக்கிற எடத்துல! அறிவுகெட்ட பயலுவ!" என்று திட்டித் தீர்த்தான். நடிப்பில்லை. அவனைப் பொறுத்தவரை அவன் சிகரெட்டை விட்டவன்.

அலாரம் அடித்தது டாய்லெட்டில். கடைசியாக அங்கே போன எங்கள் நாலைந்து பேரை நிறுத்தி, சூப்பர்வைசர் ஒவ்வொருவரையும் ஊதச் சொன்னார். அவன் வாயில் ஏலக்காய் மணத்தது. என் வாயில் டீ டைமில் கேட்டுக்கு வெளியே போய்ப் பிடித்த சிகரெட்.

"இன்னாடா, பெர்மனென்ட் ஆவுற நேரத்துல இந்த வேலயா? ஆர்டரு ரெடியா கீது. கியிச்சுப் போட்டுடவா?"

வெளியேதான் பிடித்தேன் என்று தலையில் அடித்துச் சொன்னேன். சிகரெட் நாற்றத்தோடு சொல்லும் சத்தியம் எங்கே எடுபடும்?

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முகம் வெளுத்துப்போய் முன்னால் வந்தான். "சார், நான்தான் சார்."

சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். "பிரண்டுக்காக பொய் சொல்றியா? உன் வாய்ல நாத்தமே இல்ல. போய் நில்றா."

அதோடு அவன் விட்டிருக்கலாம். உண்மையையும் சொல்லிவிட்டான், நல்ல பேரும் வாங்கிவிட்டான், போதாதா? அவன் விடவில்லை. சூப்பர்வைசரை டாய்லெட்டுக்கே அழைத்துப் போய், பேனாவை எடுத்து நன்றாக இழுத்து, கூரையிலிருந்த கருவியைப் பார்த்து ஊதினான். அலாரம் மறுபடியும் அலறியது. அப்போதுதான் உள்ளே திரும்பிய கூட்டம் மறுபடியும் வெளியே ஓடிவந்தது. விஷயம் தெரிந்து எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேனாவையும் அவனுடைய ஐடி கார்டையும் செக்யூரிட்டி வாங்கி வைத்துக்கொண்டார். எனக்கு அந்த வாரமே ஆர்டர் வந்தது.

ஊருக்குக் கிளம்பியவனோடு ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில் வரை போனேன். "விடு மாப்ள, ஊர்ல தீப்பெட்டி ஆபீஸ்ல வேல கெடைக்கும்" என்று வழியெல்லாம் அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான். ஸ்டேஷனுக்கு வெளியே பெட்டிக்கடை அருகில் நின்று கையை நீட்டினான்.

"ஒண்ணு குடு."

தரமாட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? பாக்கெட்டை நீட்டினேன். ஒன்றை உருவி, கடையில் தொங்கிய கயிற்று நெருப்பில் பற்றவைத்து, கண்ணை மூடி இழுத்தான்.

"வேல போனத நானே சொல்லிக்கிடுதேன் மாப்ள" என்றான். "அவ போன் பண்ணா, இத மட்டும் சொல்லிராத."