பச்சைப் பொத்தான் நகராத போன்

மகளுக்குக் காலையிலிருந்து லேசான காய்ச்சல். வேறு வழியில்லாமல் மந்தைவெளியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரெச்சில் விட்டுவிட்டு, உடைந்த என் போனுக்குப் பதிலாக தி. நகரில் பழுது நீக்கி விற்கும் ரீஃபர்பிஷ்ட் போன் ஒன்று வாங்கினேன்.

சிம்மைப் போட்டதும் அங்கேயே நின்று, திரை முழுக்க வேலை செய்கிறதா என்று ஓர் ஐகானைப் பிடித்து மூலைக்கு மூலை இழுத்துப் பார்த்தேன்.

"இன்னாக்கா, கோலம் போட்டுக்கினு கீற? டச்சு சூப்பரா கீது" என்றார் கடைக்காரர்.

கீழ்ப்பகுதிக்கு வந்ததும் ஐகான் விரலை விட்டு நழுவியது.

"கை ஈரமா கீதுக்கா. தொடச்சிட்டு இழு."

துடைப்பதற்குள் கிரெச்சிலிருந்து அழைப்பு. பச்சைப் பொத்தான் இருந்ததும் அதே கீழ்ப்பகுதியில்தான். நான் தேய்த்தேன், அவரும் வாங்கித் தேய்த்தார். நகரவே இல்லை. மணி அடித்து ஓய்ந்தது.

அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. திரையில் இருந்த எண்ணைத் தன் போனில் அடித்து என்னிடம் நீட்டினார்.

"ஜுரம் விட்டுடுச்சும்மா, தூங்கறா. அத சொல்லத்தான் கூப்ட்டேன்" என்றார் கிரெச் அக்கா.

கடைக்காரர் வேறு போனை எடுத்து, சிம்மை மாற்றிப் போட்டு, அவரே மூலைக்கு மூலை இழுத்துக் காட்டினார்.

மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, இரவுக்குள் கிரெச் அக்காவை நான்கு முறை கூப்பிடச் சொல்லிச் சோதித்தேன். ஐந்தாவது முறை கேட்க அழைத்தபோது அவர் எடுக்கவில்லை.

விழித்திருப்பவர்கள் யாராவது எனக்கு ஒரு கால் பண்ணுங்களேன்.