இரண்டு கேன் அருவித் தண்ணீர்

இடுப்பு எலும்பு முறிந்து மனைவி நாற்பது நாளாகப் படுக்கையில் இருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று கட்டிலுக்கு எதிரே மீன்தொட்டி வைத்தேன். மூலிகைத் தண்ணீராயிற்றே என்று குற்றாலம் அருவியில் இரண்டு கேன் பிடித்து வந்து, மீன் வாங்கப் போன அன்று காலையில்தான் நிரப்பினேன்.

தென்காசி மீன்கடைக்காரப் பெண், "புதுத் தொட்டின்னா சின்னதா நாலு கப்பி மீன் போதும் அண்ணாச்சி. பெரிய மீனுக்கு ஒரு மாசமாவது பழகுன தண்ணி வேணும். தண்ணி ஊத்தி எத்தன நாளாச்சு?" என்றாள். படுக்கையிலிருந்து பார்த்தால் தெரிகிற தங்கமீன்தான் எனக்கு வேண்டும். "முப்பத்திரண்டு நாள்" என்றேன். கணக்காக ஓர் எண்ணைச் சொன்னால் யாரும் நம்புவார்கள். ஆறு தங்கமீன் தந்தாள்.

மூன்றாம் நாள் மதியம் ஆறும் மேலே வந்து வாயைப் பிளந்தன. "ஏங்க, மூச்சு முட்டுது அதுக்கு!" என்று மனைவி எழப் பார்த்தாள். அவளைப் பிடித்துப் படுக்கவைத்துவிட்டுக் கடைக்குப் போன் செய்தேன்.

"முப்பத்திரண்டு நாள் தண்ணில இப்படி ஆகாதே. நெசத்தச் சொல்லுங்க, அப்பத்தான் காப்பாத்த முடியும்."

மனைவி என்னையே பார்த்தாள். அவள் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அருவித் தண்ணி நாம குளிக்கத்தான் அண்ணாச்சி. ஒங்கள அப்புறம் ஏசுதேன். மீன வாளில போட்டு ஆட்டோல ஏறுங்க."

கடைக்காரப் பெண் தன் பழைய தொட்டியில் அவற்றை விட்டாள். ஒரு மணி நேரம் இருவரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான்கு நீந்தின.

வீட்டுக்கு வந்ததும், "எல்லாம் பொழச்சுதா?" என்றாள் மனைவி.

"ரெண்டு செத்துப்போச்சு" என்றேன்.

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆமாம் என்றிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். எனக்குத்தான் இன்னொரு பொய்க்குத் தெம்பில்லை.