கண் திறந்ததும் தருவதாகச் சொன்ன குட்டி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

முத்துமாரி அக்கா இறந்துவிட்டார். நேற்று சாயங்காலம்... வேலை முடிந்து கம்பெனி வேனில் வரும் வழியில்.

இது அம்மாவின் ஃபேஸ்புக் ஐடி. எழுதுவது மகள் எஸ்தர், பதினொன்றாம் வகுப்பு.

அக்கா எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தவர். சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் கட்டிங் வேலை. விருதுநகரிலிருந்து தினமும் வேனில் போய் வருவார்.

போன மாதம் மீன் தொட்டிக் கடையில் ஒரு வெள்ளை எலி வாங்கினேன். கடைக்காரர் ஆண் என்றார். ராஜா என்று பெயர் வைத்தேன்.

ஒரு நாள் காலையில் ராஜாவின் அட்டைப்பெட்டிக்குள், சிவப்பாக, விரல் நுனி அளவில்... ஒரு குவியல் நெளிந்தது.

அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. "சிஸ்டர்! இங்கன வாங்க! உங்க வீட்டு ராஜா புள்ள பெத்துருக்காரு!"

என் அம்மா நர்ஸ். அதனால் அக்காவுக்கு எப்போதும் சிஸ்டர்தான்.

"ஆஸ்பத்திரியில பாக்குறது பத்தாதுன்னு வீட்டுலயும் பிரசவமா?" என்றபடி வந்த அம்மா, என் கையைத் தட்டிவிட்டார். "தொட்டுறாத. மனுச வாடை பட்டா தாயே தின்னுரும்."

மறுநாள் ஒரு குட்டி குறைந்தது. ரத்தம் இல்லை. எதுவும் இல்லை. ராஜா உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் குட்டி மற்றவற்றில் பாதிதான் இருந்தது. பெரியவை அதைப் பால் குடிக்க விடவில்லை. அடுத்து போகப்போவது அதுதான் என்று தோன்றிவிட்டது... வகுப்பில் உட்கார முடியவில்லை.

அன்று அக்கா ஒரு பை நிறைய தாள் கொண்டு வந்தார். அச்சு சரியாக விழாத சாமி படங்களை வெட்டிப் போட்ட துண்டுகள். கொட்டினால், எல்லாவற்றிலும் கண்கள். வெறும் கண்கள்.

"கண்ணு உள்ளது மிதிபட வேணாம்னு எப்பவும் தனியா எடுத்து வச்சுருவேன் பாப்பா. புள்ளைகளுக்கு மெத்தையா இருக்கட்டும்."

ராஜா மற்ற இடங்களைக் கிழித்துக் கூடு கட்டினாள். கண்களைக் கிழிக்கவில்லை. அவை மேலே பார்த்தபடி கிடந்தன. சிலவற்றை நானே கவிழ்த்து வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். வந்து பார்த்தபோது நிமிர்ந்திருந்தன.

நடுவில் குட்டிகள். அவற்றின் கண்கள் தோலுக்கு அடியில் கறுப்புப் புள்ளிகளாக, மூடியபடி.

தினமும் வேனை விட்டு இறங்கியதும் அக்கா நேரே எங்கள் பின்கதவுக்கு வருவார். கை கழுவிவிட்டு, கூட்டுத் தாளை உள்ளங்கையில் தேய்த்துக்கொள்வார். எலி வாடை ஏறுவதற்கு. பிறகு பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கடைசிக் குட்டியைத் தாயின் வயிற்றில் விடுவார். பெரியவற்றை விரலால் ஒரு ஓரமாக ஒதுக்குவார்.

"தள்ளுங்கலே தடிமாடுகளா! இவனும் குடிக்கட்டும்."

ராஜா அவரைக் கடித்ததே இல்லை. என்னைக் கடித்திருக்கிறாள்.

"கண்ணு தொறந்ததும் இவன எனக்குத் தந்துரணும்."

"இது எதுக்குக்கா? பெருசா ஒண்ணு எடுத்துக்கோங்க."

"நாள் பூரா கண்ணா வெட்டித் தள்ளுறேன்... அம்புட்டுல ஒண்ணாச்சும் என்னையப் பாத்துச்சா? இவன் தொறந்ததும் மொத மொதல்ல என்னையத்தான் பாக்கணும். சொல்லிட்டேன்."

சரி என்றேன்.

நேற்று நான் பெட்டிப் பக்கத்தில் ரெக்கார்டு நோட் எழுதிக்கொண்டிருந்தேன். வேன் வருகிற நேரம். ராஜா எழுந்து மூலையில் இரண்டு காலில் நின்றாள், அக்கா வரும்போது நிற்பதுபோல.

வேன் சத்தம் கேட்கவில்லை. பின்கதவு சாத்தியிருந்தது.

அவள் மூக்கு கதவிலிருந்து மெல்ல, மெல்லத் திரும்பி... பெட்டியின் விளிம்பில் வந்து நின்றது. பிறகு போய்ப் படுத்துக்கொண்டாள்.

பெரிய குட்டிகள் எல்லாம் ஒரு ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன. கடைசிக் குட்டி மட்டும் தனியாகக் குடித்துக்கொண்டிருந்தது.

நான் தொடவில்லை.

அதற்கப்புறம்தான் தெருவில் வேன் ஹாரன். விடாமல்.

அம்மா ஓடினார், நானும் பின்னால். வேனுக்குள் பக்கத்து சீட்டு பேச்சியம்மாள் அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தார், தோளில் முத்துமாரி அக்காவின் தலையோடு.

"திருத்தங்கல் தாண்டயில சாஞ்சா சிஸ்டர்... காலண்டர் சீசன் அலுப்பு, தூங்கட்டும்னு விட்டேன். முழிச்சிரக் கூடாதுன்னு தோளக்கூட அசைக்கல..."

அம்மா முத்துமாரி அக்காவின் கழுத்தில் விரல் வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

இன்று காலை அக்காவை அவர் சொந்த ஊரான அச்சங்குளத்துக்குக் கொண்டுபோனார்கள். வண்டி தெரு முனை திரும்பும்வரை நின்றுவிட்டு வந்து பெட்டியைப் பார்த்தேன்.

கடைசிக் குட்டிக்கு ஒரு கண் திறந்திருந்தது. மற்ற எதற்கும் இன்னும் திறக்கவில்லை.

கண் திறந்த புதிதில் எலிக்குட்டிக்குப் பார்வை சரியாகத் தெரியாது என்று படித்திருக்கிறேன். அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அது என்னைப் பார்க்கவில்லை... அக்கா குத்தவைத்து உட்காரும் இடத்தைப் பார்த்தது. நடுவில் கையை ஆட்டினேன். கையையும் பார்க்கவில்லை.

இதோடு போட்டிருக்கும் படத்தில் இருப்பது அக்காவின் கை. நகக்கண்ணில் நீல மை, உள்ளங்கையில் குட்டி. முகத்தை எடுக்க விட்டதே இல்லை, அதனால் யாரும் வேறு படம் கேட்க வேண்டாம்.

அக்கா, குட்டி உங்களுக்குத்தான். போயிட்டு வாங்க.

"லைட்ட அமத்து பாப்பா, ராஜாவுக்குக் கண்ணு கூசும்" என்று தினமும் கிளம்பும்போது சொல்வீர்கள். இன்று நான் பின்கதவைச் சாத்தவில்லை.

லைட்டை அணைத்துவிட்டேன்.