வார்டுக்கு வந்த மேடம்

பதினாறு வருடம் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர் அவர். ஊழியர் சங்கத்தில் பேசிப் பேசியே கவுன்சிலரானார். பிறகு இரண்டு முறை சட்டமன்ற உறுப்பினர். கூட்டத்தொடர் நாட்களில் எம்.எல்.ஏ. விடுதியில் தனியாகச் சாப்பிட்டே பழகிவிட்டது.

மூன்றாம் முறை கட்சி சீட்டு கொடுக்கவில்லை. மறுவாரம் மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, தான் நர்ஸாக இருந்த பழைய வார்டுக்குப் போனார். ஓய்வறையில் வட்டமாக உட்கார்ந்திருந்த நர்ஸுகள் அவரைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தி எழுந்து நின்றார்கள்.

"உட்காருங்கடி, நான்தானே."

"சொல்லி அனுப்பியிருந்தா நாங்களே வந்திருப்போமே மேடம்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், ஒரு காலத்தில் இவர் தட்டிலிருந்தே எடுத்துத் தின்ற தோழி.

உட்கார்ந்தவர் சாப்பாட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"வார்டுல தண்ணியெல்லாம் ஒழுங்கா வருதா?" என்று கேட்டார்.

"வருது மேடம்" என்றார்கள் எல்லோரும்.