அட்டை சார்

புத்தகம் கைக்கு வந்ததும் முதலில் அட்டையைப் பார்ப்பார், அடுத்து முதுகை. பிறகு மூக்கருகே கொண்டுபோய் ஒரு மூச்சு இழுப்பார். உள்ளே பிரிப்பதில்லை. "கதை எல்லாத்துலயும் ஒண்ணுதானே, அது எங்க ஓடிடப் போகுது" என்பார். பழைய புத்தகக் கடைக்காரர் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'அட்டை சார்'. புத்தக அட்டையை நினைத்து வைத்ததா, ஒட்டினால் விடாத அட்டையை நினைத்து வைத்ததா என்று கேட்டால், "ரெண்டும் பொருந்துதே, நான் என்ன பண்றது" என்று சிரிப்பார்.

தொழில், லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில், காற்று நுழையாத மோட்டார் அறைகளில் பாதி நாள் போய்விடும். கீழே கனத்த பைகளோடு நிற்பவர்கள் முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். பழுது சரியானதும் முதல் தடவை அவரே உள்ளே ஏறிக்கொள்வார். கதவு மூடும் ஓசைக்குக் காது கொடுத்தபடியே பக்கத்தில் நிற்பவரிடம், "வீட்ல பழைய புத்தகம் ஏதாச்சும் கிடக்குதா? அந்த ஓடக்காரி கதை இருந்தா சொல்லுங்க" என்பார். சிலர் பரணிலிருந்து தேடி எடுத்துத் தந்திருக்கிறார்கள். சிலர், அவர் நிற்பதைப் பார்த்தால் படிக்கட்டு வழியே ஏறிப் போய்விடுகிறார்கள்.

ஓடக்காரி கதை என்று அவர் சொல்வது ஒரு பழைய நாவலை. ஊரையெல்லாம் அக்கரையில் கொண்டுபோய் விடுகிற ஒருத்தி, தான் மட்டும் எங்கும் போகாமலே இருந்துவிடுகிற கதை. தலைமுறை தலைமுறையாக அச்சில் இருப்பதால் விதவிதமான அட்டைகள். மற்ற வீடுகளில் டிவி இருக்கும் சுவரில் இவர் வீட்டில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. அது முழுக்க அவள்தான். ஒன்றில் துடுப்போடு நிற்கிறாள். ஒன்றில் அச்சடிக்கும்போது நிறம் நகர்ந்து, உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போயிருக்கிறது. மாணவர் பதிப்பில் ஆளே இல்லை, வெறும் ஆறு. கதையைப் படிக்காத யாரோ வரைந்ததில் அவள் கப்பல் ஓட்டுகிறாள். அதைக் காட்டும்போது மட்டும், "பாவம், புரமோஷன் குடுத்துட்டான்" என்பார்.

அலமாரியைத் திறக்கும் முன் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்ப்பார். கிரீஸ் நகக்கண்ணில் ஒளிந்திருக்கும் என்று பயம். வந்தவர்கள் பார்க்கலாம், தொடக்கூடாது. "ஒரே கதைக்கு எத்தனை சட்டைங்க தைப்பீங்க?" என்று அவருடைய மனைவி கேட்பார்.

இதெல்லாம் தொடங்கியது அவருடைய தங்கையால். ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகிய வயதில், உடம்பெல்லாம் வலியோடு வந்து தரையில் படுப்பார். தங்கை அந்த நாவலை உரக்கப் படிப்பாள். அவருக்கு எழுத்தோடு அவ்வளவு ஒட்டுதல் கிடையாது. அவள் குரலில் கேட்டதுதான் கதை. பெண் கேட்டு வந்தவனை ஓடக்காரி திருப்பி அனுப்பும் இடத்தில், "கூடப் போயிருக்கலாம்ல?" என்று சண்டைக்குப் போவார். "போய்ட்டா கதை முடிஞ்சிடும்ணா" என்பாள் தங்கை.

கல்யாணமாகிப் போகும்போது புத்தகத்தை அவரிடமே விட்டுப் போனாள். அவளுக்குக் காட்ட வேண்டும் என்றுதான் வேறொரு பதிப்பை முதன்முதலில் வாங்கினார். அடுத்ததும் அவளுக்காகத்தான். அலமாரி நிறைய நிறைய, எப்போது என்று அவருக்கே தெரியாமல், அவளும் தொடாமல் தள்ளி நின்று பார்க்கிறவர்களில் ஒருத்தியாகிவிட்டாள். முதல் புத்தகம் பிளாஸ்டிக் உறைக்குள் நடுத்தட்டுக்குப் போனது. அந்தப் பதிப்பு இப்போது எங்குமே கிடைப்பதில்லை.

தங்கை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒரு நாள் கேட்டாள். "அண்ணா, நம்ம ஓடக்காரியைக் கொண்டு வாயேன். பழசு. நாம படிச்சது."

சரி என்றார். வீட்டுக்கு வந்து அலமாரி முன்னால் நின்றார். மருந்து சிந்தும் மேஜை, ஈரத் துணி, படுக்கையைத் தட்டிப் போடும் ஆட்கள் எல்லாம் கண்முன் வந்தன. மறுநாள் போகிற வழியில் புத்தகக் கடையில் புதுப் பதிப்பொன்றை வாங்கிக்கொண்டு போனார். "எழுத்து பெருசா இருக்கும்மா, கண்ணுக்கு நல்லது" என்று நீட்டினார்.

அவள் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது யாரு?"

"அவதான்."

"அவ இவ்வளவு சிரிக்க மாட்டாளேண்ணா" என்றாள். கோபமில்லை. புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, அவர் சாப்பிட்டாரா என்று விசாரித்தாள்.

அடுத்த முறை பழசைக் கொண்டுபோய்விட வேண்டும் என்று திரும்பும்போதே நினைத்துக்கொண்டார். அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை. அவளுடைய துணிமணிகளோடு புதுப் புத்தகமும் திரும்பி வந்தது. தாள்கள் கடையிலிருந்து வந்தபடியே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. "பழசைக் குடுத்திருந்தா நாலு பக்கமாச்சும் படிச்சிருப்பா" என்று மனைவியிடம் சொன்னார். மனைவி அந்தத் துணிகளை மடித்துக்கொண்டே இருந்தார்.

இப்போதும் கடைக்குப் போகிறார். எடுக்கிறார், பார்க்கிறார், முகர்கிறார், இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறார். "என்ன சார், அட்டை பிடிக்கலையா?" என்று கடைக்காரர் கேட்டால், "நல்லாத்தான் இருக்கு. இருக்கட்டும்" என்கிறார். லிஃப்டில் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.

சென்ற மாதம் தங்கை மகள் வேலை விஷயமாக வந்து இரண்டு நாள் தங்கினாள். அலமாரியைப் பார்த்துவிட்டு, "மாமா, அம்மா சொல்லிட்டே இருப்பாங்களே, அது எது?" என்றாள். அவர் நடுத்தட்டிலிருந்து எடுத்தார். உறையைப் பிரிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் வாங்கிக்கொண்டு அங்கேயே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். இந்தக் காலத்துப் பிள்ளை; புத்தகத்தை அகலமாக விரித்து முழங்காலில் கவிழ்த்து அழுத்தினாள். புத்தகத்தின் முதுகு படக்கென்று விட்டது. அவள் கவனிக்கவில்லை. படித்துக்கொண்டே போய், போன் அடித்ததும் பக்கத்தின் நுனியை மடக்கிவிட்டுப் பேசினாள், பிறகு மறுபடி படித்தாள்.

அவருடைய கை பாதி தூரம் நீண்டது. நீண்ட கையை அப்படியே சுவர்ப்பக்கம் திருப்பி, அவள் தலைக்கு மேலிருந்த விளக்கைப் போட்டார்.